பொறுத்து வாங்கு, மாப்பிள்ளை

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதை அக்கா போன் பண்ணிச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாளே உன் வாட்ஸ்அப்பும் வந்தது. ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச், ஒரு ஜோடி இயர்பட்ஸ், அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் காட்டும் ஸ்மார்ட் வாட்ச், தவணையில் ஒரு கேமிங் லேப்டாப். நாலுக்கும் லிங்க் அனுப்பி, "எது வாங்கலாம், சொல்லுங்க மாமா" என்று கேட்டிருந்தாய். இது போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரமும் கால்குலேட்டரும் கையடக்க விளையாட்டுக் கருவிகளும்தான் என் பொழுதுபோக்கு என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் என் மேசை டிராயரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்த டிராயரில் இருக்கும் எதுவும் பெரிய விலை கொடுத்து வாங்கியதில்லை. வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக மிஞ்சியதில் வாங்கியவை. ஆனாலும் அநேகமாக எல்லாமே இன்றைக்கும் ஓடுகின்றன. அதற்குக் காரணம் ஒன்றுதான். ஒரு நுட்பம் புதிதாக வந்து ஊரே அதைப் பற்றிப் பேசும்போது நான் வாங்குவதில்லை. அது நாலு பேர் கையில் பழகி, கோளாறெல்லாம் வெளியே தெரிந்து, விலை இறங்கி, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் நம்ம ஊரிலேயே வந்த பிறகு வாங்குகிறேன். உனக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் குன்பெய் யோகோய் என்று ஒருவர் இருந்தார். நின்டெண்டோ கம்பெனி சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1965ல், அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னால் விளையாட்டுப் பொருள்களை வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, பக்கத்தில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டித் தட்டி விளையாடுவதைப் பார்த்தாராம். அப்போது ஜப்பானியக் கம்பெனிகள் கால்குலேட்டர் விற்பதில் ஒன்றோடொன்று மோதி, எல்சிடி திரையின் விலையையும் சில்லுகளின் விலையையும் தரைக்குக் கொண்டுவந்திருந்தன. யோகோய் அந்த மலிவுத் திரையையும் சில்லையும் எடுத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுக் கருவி செய்தார். 1980ல் கேம் அண்ட் வாட்ச் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. விளையாடாத நேரத்தில் மணி காட்டும். வாட்ச் பிரியமும் விளையாட்டுப் பிரியமும் சேர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது.

புதிதாக வந்த நுட்பத்தைத் துரத்தாதே, பழகி மலிவாகிப்போன நுட்பத்தை எடுத்து அதில் யாரும் யோசிக்காததைச் செய் என்பது அவருடைய கொள்கை. 1989ல் நின்டெண்டோ கொண்டுவந்த கேம் பாய் என்ற கைக்கருவியும் அப்படித்தான். அதன் திரையில் கலர் கிடையாது. பின்னால் விளக்கும் கிடையாது. மங்கிய பச்சையில் நாலு சாயல், அவ்வளவுதான். அடுத்த வருஷமே சேகா கம்பெனி கேம் கியர் கொண்டுவந்தது. கலர்த் திரை, பளிச்சென்று வெளிச்சம். ஆனால் ஆறு பென்சில் செல் போட்டால் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நாலு செல் போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. எது நின்றது என்று ஊருக்கே தெரியும். பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. கேம் கியர் அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் வந்தது.

அதே 1989ல்தான் காசியோ எஃப்-91டபிள்யூ வந்தது. உன் பட்டியலில் இல்லாத அந்த வாட்சைத்தான் நீ முதலில் வாங்க வேண்டும் என்று சொல்வேன்.

ஏன் என்று கேள். குவார்ட்ஸ் வாட்ச் என்று உலகத்தில் முதலில் கடைக்கு வந்தது சீக்கோவின் ஆஸ்ட்ரான். 1969 டிசம்பர் 25ஆம் தேதி டோக்கியோவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 4,50,000 யென். அன்றைக்கு அங்கே ஒரு சின்ன கார் வாங்கும் பணம். இருபது வருஷம் கழித்து அதே தத்துவம் 21 கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் வாட்சுக்குள் வந்து, சாதாரணக் குடும்பம் வாங்கும் விலைக்கு இறங்கிவிட்டது. உள்ளே இசைக்கவை வடிவத்தில் மிகச் சிறிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும். மின்சாரம் பட்டதும் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போ. பதினைந்தாவது தடவை ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு நொடி. இவ்வளவு எளிமையான கணக்கு என்பதால்தான் இவ்வளவு மலிவாகச் செய்ய முடிகிறது. மாதத்துக்கு முன்னே பின்னே 30 நொடிக்குள் நிற்கும் என்று கம்பெனியே சொல்கிறது. ஒரு செல் ஏழு வருஷம் வரும். ஸ்டாப்வாட்ச் உண்டு, அலாரம் உண்டு. விலை ஆயிரத்துச் சொச்சம்.

வாங்கும்போது போலி வராமல் பார்த்துக்கொள். வலது பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால், அசலில் மணி மறைந்து திரையில் காசியோ என்ற பெயர் வரும். இப்போது சில போலிகள் அதையும் காப்பியடித்துவிட்டன. அதனால் பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்கு. செல் தீர்ந்தால் நீயே மாற்றிக்கொள்ளலாம். பின்மூடியில் நாலு குட்டித் திருகாணி இருக்கும். சரியான அளவுத் திருப்புளி இல்லாமல் தொடாதே, தலை மழுங்கிவிடும். மூடியைத் திறக்கும்போது வெள்ளைத்தாள் விரித்து அதன் மேல் வைத்துத் திற. உள்ளே மயிரிழை தடிமனில் ஒரு ஸ்பிரிங் நிமிர்ந்து நிற்கும். ஒலி வருவது பின்மூடியில் ஒட்டியிருக்கும் வட்டத் தகட்டிலிருந்து. அந்தத் தகட்டுக்கு மின்சாரம் போகும் வழி இந்த ஸ்பிரிங்தான். அது விழுந்து தொலைந்தால் வாட்ச் ஓடும், அலாரம் மட்டும் அடிக்காது. பல கடைகளில் செல் மாற்றிய பிறகு "அலாரம் போச்சு" என்று ஜனங்கள் திரும்பி வருவது இதனால்தான். புது செல் போட்டதும் ஏசி என்று எழுதியிருக்கும் புள்ளியையும் செல்லின் மேல்புறத்தையும் சிமிட்டாவால் ஒரு நொடி தொட்டு எடு. திரை சுத்தமாகி எண்கள் மறுபடி தொடங்கும். கடைசியாக ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு மூடு. ஒரு பொருளைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, மறுபடி ஓடவைப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அது உனக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆயிரம் ரூபாய் வாட்சில்தான் பயமில்லாமல் அதைப் பழக முடியும்.

இப்போது நீ கேட்ட ஆட்டோமேட்டிக் வாட்ச். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கையசைவில் தானாக முறுக்கேறி, செல்லே இல்லாமல் ஓடும் பொருள் அது. பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் பல்சக்கரமும் அலைவுச் சக்கரமும் வேலை செய்வது தெரியும். எனக்கும் அதில் தீராத பிரியம். ஆனால் அது என்ன கொடுக்கும், என்ன கேட்கும் என்று தெரிந்து வாங்கு. சீக்கோவின் மலிவு ஆட்டோமேட்டிக்குகளில் பல காலம் இருந்த 7எஸ்26 இயந்திரம் நாளொன்றுக்கு 40 நொடி முந்தலாம், 20 நொடி பிந்தலாம் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கும். எஃப்-91டபிள்யூ ஒரு மாதத்தில் தவறும் அளவை இது ஒரே நாளில் தவறலாம், அது கோளாறும் ஆகாது. கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குள் நின்றுவிடும். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் தேதியைத் திருப்பக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பல் கோர்த்துக்கொண்டிருக்கும், வலிந்து திருப்பினால் உடையும். திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் முந்த ஆரம்பித்தால் அநேகமாகக் காந்தம் பட்டிருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வேகம் அது. போன் கவர், ஸ்பீக்கர், நீ வாங்க நினைக்கிற இயர்பட்ஸ் டப்பாவின் மூடி, எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. காந்தம் எடுக்கும் கருவி உள்ள வாட்ச் கடையில் சில நொடியில் சரிசெய்துவிடுவார்கள். புது மெஷின் போட வேண்டும் என்று சொன்னால் வேறு கடைக்குப் போ.

இன்னும் ஒரு வருஷம் போகட்டும். அப்போதும் ஆட்டோமேட்டிக் ஆசை இருந்தால் கேள், நாம் சேர்ந்தே தேடுவோம்.

அதற்குள் சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்று வேண்டும் என்று தோன்றினால் பழைய எச்.எம்.டி. பார்க்கலாம். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலை. எங்கள் தலைமுறைக்குக் கல்யாணத்துக்கும் வேலை கிடைத்ததற்கும் பரிசு என்றால் எச்.எம்.டி. ஜனதாவும் பைலட்டும்தான். 1984ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்கள் வர ஆரம்பித்த பிறகு எச்.எம்.டி.யின் காலம் மெல்ல முடிந்தது. இப்போது இணையத்தில் எச்.எம்.டி. என்று சிவப்பிலும் நீலத்திலும் பளபளவென்று குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்தவை. ஒரு வாட்சின் மூடி, இன்னொன்றின் மெஷின், யாரோ அச்சடித்த டயல். லென்ஸ் வைத்து எழுத்தைப் பார். அசல் அச்சு கூர்மையாக, ஓரம் மசியாமல் இருக்கும். மறுவர்ணத்தில் எழுத்து தடித்து, எண்களும் கோடுகளும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கும். வயதால் மங்கிப்போன அசல் டயல் வண்ணமடித்த புதுசைவிட எவ்வளவோ மேல். ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லி விற்கும் பெரிய கம்பெனிப் போலிகளைக் கையால் தொடாதே. இன்னொருவன் பெயரைத் திருடிய பொருளைக் கையில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.

தண்ணீர் விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாட்சில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. சோதனைக் கூடத்தில் அசையாத தண்ணீரில் அந்த அழுத்தம் தாங்கியது, அவ்வளவுதான். கை கழுவலாம், மழையில் நனையலாம். நீச்சலுக்கு 100 மீட்டர் போட்டது வாங்கு. எந்த வாட்சையும் வெந்நீர்க் குளியலுக்குக் கட்டிக்கொண்டு போகாதே, ரப்பர் வளையம் கெட்டுப்போகும். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தாதே.

அடுத்தது அம்மாவுக்கு நீ வாங்க நினைத்த ஸ்மார்ட் வாட்ச். இதில் மட்டும் மாமா கண்டிப்பாகச் சொல்கிறேன், வாங்கவே வாங்காதே. உன் பிள்ளைப் பாசம் எனக்குப் புரிகிறது. அக்காவுக்கு விரலில் குத்திப் பார்ப்பது பிடிக்கவில்லை, குத்தாமலே சர்க்கரை தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறாய். ஆனால் தோலில் குத்தாமல், தானாகவே சர்க்கரை அளக்கும் வாட்சோ மோதிரமோ எதற்கும் அனுமதி கொடுத்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம் தோலுக்கடியில் ரத்த ஓட்டம் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி எவ்வளவு என்பதை வைத்து நாடித்துடிப்பைச் சொல்லிவிடலாம், அது ஓரளவு சரியாகவும் இருக்கும். சர்க்கரை அளவை அந்தப் பச்சை வெளிச்சத்திலிருந்து எடுக்க முடியாது. திரையில் வருவது ஏதோ ஒரு எண். கையில் இல்லாமல் மேசை விளிம்பில் சுற்றி வைத்தாலும் துடிப்பு காட்டும் மலிவு வாட்ச்களை நானே பார்த்திருக்கிறேன்.

யோசித்துப் பார். வாட்ச் 260 என்று காட்டுகிறது. அக்கா பயந்து ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்கிறாள். உண்மையில் சர்க்கரை 110தான் என்றால் என்ன ஆகும்? தாழ்சர்க்கரையில் வியர்த்து, நடுங்கி, தனியாக இருக்கும் வீட்டில் மயங்கி விழக்கூடும். நீ அன்போடு வாங்கிக் கொடுத்த பொருளால் அது நடக்கக் கூடாது. இரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டர் பழகிய நுட்பம், மலிவு, நம்பலாம். பிரஷருக்கு மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றேற்றும் மிஷின். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த மருந்துக் கடையில் இரண்டையும் வாங்கி, விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும் என்பதையும் அக்காவுக்கு நானே காட்டிக் கொடுக்கிறேன். ஸ்ட்ரிப் தீரும்போதெல்லாம் நீ வாங்கி அனுப்பு. டப்பாவில் காலாவதித் தேதி பார்த்து வாங்கு.

உனக்கென்று ஒரு ஸ்மார்ட் வாட்ச் வேண்டுமானால், நடையும் துடிப்பும் தூக்கமும் பார்க்க மட்டும் என்று நினைத்துக்கொண்டு வாங்கு. மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்ந்து, ஆப்பும் கைவிடப்பட்டுவிடும் என்பதையும் இப்போதே கணக்கில் வை.

இயர்பட்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஆனதும் தளரத் தொடங்கும். சூடு அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் வண்டி டேஷ்போர்டில் வைத்த கருவி என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. போனில் பெரிய பேட்டரி, மாற்றலாம். காதில் போகும் அந்தக் குமிழில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன பேட்டரி, கோந்து போட்டு ஒட்டி மூடியது. தினமும் இரண்டு தடவை சார்ஜ் ஆகும். எனக்கு உன் அத்தை வாங்கிக் கொடுத்த ஜோடி ஒன்றில் ஒரு பக்கம் சீக்கிரமே செத்துப்போனது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி மட்டும் மாற்றித் தரமாட்டோம், புது ஜோடி வாங்குங்கள் என்றார்கள். அதன் விலையில் பாதி கொடுத்து, ஒயரைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள இயர்போன் ஒன்று வாங்கினேன். பாட்டு அதில் இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம். ஓடும்போதும் பஸ்ஸிலும் ஒயர் இடைஞ்சல் என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மட்டும் விலை குறைந்த இயர்பட்ஸ் ஒன்று வைத்துக்கொள்.

இனி லேப்டாப். இதைத்தான் நீ மிகவும் எதிர்பார்ப்பாய் என்று தெரியும்.

முதலில் தவணை. நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்றால் வட்டியே இல்லை என்று நினைக்காதே. வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த அளவுக்கு விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடி கொடுத்ததாகக் காட்டுவார். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உன் தலையில்தான். பல இடங்களில் செயல்பாட்டுக் கட்டணமும் உண்டு. முழுப்பணம் ஒரேயடியாகக் கொடுத்தால் கிடைக்கும் விலைக்குறைப்பும் போய்விடும். பணக் கணக்கைவிட முக்கியம் வேறொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டு வெளியே வரும் சுதந்திரம் வேண்டும். விளையாட்டுப் பொருளுக்கான தவணை அந்தச் சுதந்திரத்தைக் கட்டிப்போடக் கூடாது.

காலேஜில் வாங்கிய லேப்டாப் உன்னிடம் இருக்கிறதே. நீ பெயர் சொன்ன அந்தப் புதுப்புது விளையாட்டுகள் அதில் ஓடாதுதான். அவையும் மூன்று நாலு வருஷத்தில் பாதி விலைக்கும் கீழே வரும், பிழைகளெல்லாம் திருத்தப்பட்டு வரும், அப்போது அவற்றை ஓட்டும் கருவியும் மலிவாகியிருக்கும். அதுவரை உன் லேப்டாப்பில் ஓடக் கூடிய நல்ல விளையாட்டுகளை ஆடி முடிக்கவே உனக்கு நேரம் போதாது. ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016ல் வெளியிட்டார். பழைய கணினியிலும் தடையில்லாமல் ஓடும். ஹாலோ நைட், ஆஸ்திரேலியாவில் கைவிரல்விட்டு எண்ணக் கூடிய ஆள்களே உள்ள ஒரு குழு 2017ல் செய்தது. கோடிக்கணக்கில் செலவழித்த பல விளையாட்டுகளில் இல்லாத உழைப்பு அதில் இருக்கிறது.

வெண்பா என்ற விளையாட்டைக் கட்டாயம் ஆடிப் பார். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023ல் கொண்டுவந்தது. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, கறைபட்டு, பாதி எழுத்து அழிந்து இருக்கும். விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் மேல்தட்டு வரை ஆவி ஏறும் என்று யோசித்து அடுக்கும்போது என் அம்மா, உன் அம்மாச்சி, தட்டைத் திருப்பித் திருப்பி வைப்பது ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பத்து மகன் தமிழில் பேசக் கூச்சப்படும் இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். 2024ல் பாஃப்டா விருதும் வாங்கியது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. உன் லேப்டாப்பில் ஓடாத விளையாட்டுகளுக்கு அந்த விதி பெரிய உதவி, பயன்படுத்து. ஆனால் வெண்பா இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக் கூடியது. முழுக்க ஆடி ரசித்துவிட்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்காதே. நம் வீட்டுக் கதையை இவ்வளவு அக்கறையாகச் சொன்னவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய கூலி அது.

ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை மெமரி கார்டில் நிரப்பி விற்கும் சீனக் கைக்கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். கருவி நன்றாகத்தான் இருக்கிறது, யோகோய் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அந்தக் கார்டில் இருப்பவை உரியவர்களைக் கேட்காமல் நகலெடுத்தவை. அதோடு, பத்தாயிரம் விளையாட்டு இருக்கும் பெட்டியில் ஒன்றைக்கூட நாம் முடிக்கமாட்டோம். தொண்ணூறுகளில் திருவிழாக் கடையில் 9999 விளையாட்டு என்று போட்ட பிரிக் கேம் விற்றார்கள். உள்ளே இருந்தது விரல்விட்டு எண்ணக் கூடிய சில விளையாட்டுகளும் அவற்றின் வேக மாற்றங்களும்தான். எல்லாரும் கடைசியில் ஆடியது அந்தச் செங்கல் அடுக்கும் ஒன்றையே, 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸை. நன்றாகச் செய்த ஒன்று போதும்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் ஜாக்கிரதையாக இரு. துப்பாக்கிக்கு வர்ணம், வீரனுக்குச் சட்டை, திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் பெட்டி, இப்படி ஐம்பது நூறாக எடுத்துக்கொண்டே இருப்பார்கள். முன்பே விலை சொல்லி ஒரே தடவையில் முழுசாக விற்கும் விளையாட்டை வாங்கு. பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் பக்கம் ஆர்வத்துக்குக்கூடப் போகாதே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்கு முன்பு எத்தனை வீடுகள் அழிந்தன என்று தமிழ்நாட்டில் பேப்பர் படித்த எல்லாருக்கும் தெரியும். வேறு பெயரில், வெளிநாட்டு ஆப் என்று சொல்லிக்கொண்டு உன் நண்பன் யாராவது லிங்க் அனுப்பினால் அவனுக்கும் எடுத்துச் சொல்.

ஆக, இந்த மாதம் எஃப்-91டபிள்யூ வாட்ச், ஒயர் வைத்த இயர்போன், வெண்பா. மூன்றும் சேர்ந்து உன் சம்பளத்தில் சின்னப் பங்குதான் வரும். லேப்டாப்புக்கு நான் ஒரு வழி பார்த்து வைத்திருக்கிறேன். உன்னுடையதில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ராமையும் இரட்டிப்பாக்கினால் புது லேப்டாப் வாங்கியதுபோல் வேகம் வரும். செலவு ஒரு தவணைக்கும் குறைவாகவே இருக்கும். சில மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கல் லீவுக்கு வரும்போது லேப்டாப்பையும் எடுத்து வா. வருவதற்கு முன்னால் அதில் இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிரைவில் நகல் எடுத்து வைத்துவிடு.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா